ஹெட்லைட்டில் கோளாறு இல்லை

மகனே,

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உன் அம்மாவைக் கேட்டால், வராது என்பதில்லை, பொறுமை கிடையாது என்பாள். எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் அணைந்துபோகிற மாதிரி இல்லை. மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகிறது. எனக்கு இப்போதுதான் முப்பது தாண்டியிருக்கிறது. உனக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை. நீ மீசை வைத்து, வேலைக்குப் போய், வீட்டில் உனக்குப் பெண் பார்க்கிற பேச்சு எழும் காலத்தில் என்னால் வரி மாறாமல் எழுத முடியுமா என்பது சந்தேகம். அதனால் அந்த வளர்ந்த ஆளுக்கு இப்போதே எழுதுகிறேன். நல்ல வெயில் நேரத்தில், கோவில்பட்டி மெயின் ரோட்டில் நம் வண்டி ரிப்பேர் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிற எழுத்து பளிச்சென்று தெரிகிறது. காகிதத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்பதை இடது கையால் தடவித்தான் பார்க்கிறேன்.

இதே கோளாறு உனக்கும் இருக்கலாம். இருக்கவும் பாதி வாய்ப்பு, இல்லாமலிருக்கவும் பாதி வாய்ப்பு என்று மதுரை டாக்டர் சொன்னார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இது எப்படித் தெரிந்தது, ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது என்பது மிச்சக் கதை. இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. கடையில் பல்பு அடுக்கிய அலமாரியில் திறந்தே கிடக்கும். ரிப்பேருக்கு வருகிறவர், டீ கொண்டுவருகிறவர், நம் சொந்தக்காரர், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். இத்தனை தலைமுறையாக மூடி மூடி வைத்ததால்தான் இது உன் வரைக்கும் வந்து நிற்கிறது.

நம்முடையது ஆடு மேய்த்த குடும்பம். இடைசெவலுக்குப் பக்கத்தில்தான் ஊர். கரிசல் காட்டில் அறுப்பு முடிந்ததும் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் தங்கள் நிலத்தில் ஆட்டுக்கிடை போடச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இரவெல்லாம் ஆடுகளை நிலத்தில் அடைத்துவைத்தால் புழுக்கை உரமாகும். எல்லா வீட்டிலும் கிடைக்குக் காவல் ஆண்கள். நம் வீட்டில் மட்டும் பெண்கள். காரணம், நம் வீட்டு ஆண் விளக்கு வைத்த பிறகு நடைப்படி தாண்டக் கூடாது. தாண்டினால் சாமி குத்தம். கிடையைக் காக்கிற நம் குலசாமி, இருட்டு தன்னுடையது, அதில் ஆண்பிள்ளைக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டதாம். அம்மாவின் அப்பா தாண்டியதில்லை. அம்மாவுடன் பிறந்த மாமாக்கள் தாண்டியதில்லை. பொழுது சாயும்போதே கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கிணற்றடியில் மற்ற பெண்கள் என் அம்மாவைச் சீண்டுவார்கள்.

"ஏட்டி, ஒங்க வீட்டுச் சேவலெல்லாம் அடஞ்சிட்டா?"

"அடஞ்சிட்டு. ஒன் வீட்டுச் சேவல் எந்தக் கூரை மேல நிக்கின்னு போய்ப் பாரு, போ" என்பாள் அம்மா. அவள் வாய்க்கு யாரும் எதிர் நிற்க முடியாது. ஆனால் வீட்டுக்குள் வந்ததும் முகம் வேறாக இருக்கும். அது எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்கு அந்தச் சாமி உத்தரவு கொஞ்சமும் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் பயல்கள் "அடைகோழி" என்று கூப்பிட்டதை எந்தப் பையனால் மறக்க முடியும்? திருநெல்வேலிக்குப் போய் மோட்டார் எலக்ட்ரிக்கல் படித்தேன். வோல்ட், ஆம்பியர், ஓம் என்று கையில் மீட்டரை வைத்துக்கொண்டு உலகத்தை அளக்கப் பழகியவனுக்குச் சாமி எம்மாத்திரம்? ராத்திரியில் ஹாஸ்டல் தெருவில் நடக்கும்போது சாக்கடையில் கால் விட்டிருக்கிறேன், நிறுத்தியிருந்த சைக்கிள்கள் மேல் விழுந்திருக்கிறேன். முனிசிபாலிட்டிக்காரன் தெருவிளக்கை ஒழுங்காகப் போடுவதில்லை என்று திட்டிக்கொண்டே எழுந்திருப்பேன். எல்லாருக்கும் இருட்டு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்தவன் கண்ணுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரவா முடியும்? டிரைவிங் லைசென்ஸுக்குப் பட்டப்பகலில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தேன். சபாஷ் என்றார்கள்.

பிறகு கல்யாணம். என் அக்கா மகள்தான் உன் அம்மா. தொட்டிலில் கிடந்தபோதே எனக்கென்று பேசி வைத்ததுதான். சாமியை எதிர்த்துப் பேசிய நான் இதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவளைப் பிடிக்கும், அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளியிலிருந்து பெண் கேட்டுப் போனால், ராத்திரி ஆம்பளை வெளியே வராத வீடா என்று நம் வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். அக்கா மகளுக்கு அதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நம் வீட்டு ஆண்கள் எல்லாருமே சொந்தத்திலேயே கட்டிக்கொண்டதற்குக் காரணம் பாசம் மட்டுமில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு இது ஒரு யோசனையாகக்கூட எனக்குள் எழவில்லை.

கல்யாணமான கையோடு பழைய வேன் ஒன்றை வாங்கினேன். ஆடு ஏற்றிச் சந்தைக்குப் போகலாம், பருத்தி ஏற்றலாம், முகூர்த்த நாளில் கல்யாணக் கோஷ்டியை ஏற்றலாம். உண்மையான காரணம் இதெல்லாம் இல்லை. விளக்கு வைத்த பிறகு, ஊர் பார்க்க, நம் தெரு வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் அந்தியில் வண்டியை எடுத்தபோது அம்மா படியில் நின்று கத்தினாள். "ஏலே, வேண்டாம்லே. சாமி வெளையாட்டு இல்லலே." நான் ஹாரன் அடித்துவிட்டுப் போனேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வேர்த்துவிட்டது. ரோடு எங்கே, ஓரம் எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை. முன்னால் போன மாட்டுவண்டியின் அரிக்கேன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். இறங்கியதும் பானெட்டைத் தட்டி, "சனியன், லைட்டா இது? எலுமிச்சம்பழம்" என்றேன். கோளாறு கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் வேறு.

அன்றிலிருந்து ஹெட்லைட்டுதான் என் வேலை. அது ஆறு வோல்ட் வண்டி. எல்லாவற்றையும் பன்னிரண்டுக்கு மாற்றினேன். பேட்டரி, டைனமோ, காயில், ஹாரன் வரைக்கும். வெளிச்சம் கூடியது, எனக்குப் போதவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரியில் இருக்கிற வோல்ட் பல்புக்கு வந்து சேரவில்லை. டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஒல்லி ஒயரில் சுற்றிச் சுற்றி வருவதால் பாதியை ஒயரே தின்றுவிடுகிறது. ரிலே என்கிற தனி சுவிட்ச் போட்டு, பேட்டரியிலிருந்து நேரே தடித்த ஒயர் இழுத்தேன். துருப்பிடித்த பாடியை நம்பாமல் எர்த்துக்கும் தனி ஒயர் கொடுத்தேன். மறுபடியும் அளந்தால் ஏறக்குறைய முழு வோல்ட்டும் பல்பில் நிற்கிறது. படித்த படிப்புக்கு அது நல்ல வேலை, இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எனக்குப் போதவில்லை. மங்கிக் கிடந்த ரிஃப்ளெக்டரைக் கழற்றி மதுரைக்குக் கொண்டுபோய் முலாம் பூசினேன். தூத்துக்குடி ஹார்பரில் கப்பல்காரர் ஒருவர் மூலம் வெளிநாட்டு ஹாலஜன் பல்பு இரண்டு வாங்கினேன். ஹெட்லைட் கண்ணாடி நடுவில் சட்டப்படி இருக்கவேண்டிய கறுப்புப் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். வண்டி சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று திமிர். கடைசியில் பம்பரில் இன்னும் இரண்டு விளக்கு. எதிரே வருகிற லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தி, தலையை நீட்டித் திட்டுவார்கள். "யோவ், என்ன, சினிமா படம் புடிக்கப் போறியா?"

பருத்தி ஜின்னிங் ஃபேக்டரிச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் சிலுவை போட்டு, வெளிச்ச வட்டம் அதில் சரியாக விழுகிறதா என்று மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பேன். கூட இருப்பவன் சண்முகம். என்னோடு படித்தவன், கடையில் பாதிப் பங்கு, எஞ்சின் வேலை பார்ப்பவன். சுவரில் இரண்டு வட்டமும் கோலம் போட்ட மாதிரி விழும். அவன் கையைத் தட்டுவான். ரோட்டில் ஏறினால் மறுபடி சண்டை.

"ஏலே, மாடு! மாடு நிக்கி, பிரேக்கப் போடு!"

"எங்கலே?"

"எங்கனயா? இந்தா, எடது பக்கம், கொம்பு ஒம்மூஞ்சிலதான் இடிக்கும். ஒன் லைட்டு கழுகுமல உச்சி வரைக்கும் அடிக்கி. கிட்ட நிக்கித மாடு தெரியலையா ஒனக்கு?"

"பீம் அகலம் பத்தலலே. நாளைக்கு லென்ஸை மாத்துதேன்."

அவன் ஒரு மாதிரி பார்த்திருப்பான். அந்தப் பார்வையும் எனக்குத் தெரிந்திருக்காது.

நீ பிறந்தாய். முதல் மொட்டை கழுகுமலையில். மொட்டை போட்டுவிட்டு, உன்னையும் உன் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். சூரியன் விழுந்துவிட்டது, மேற்கே சிவப்பு இன்னும் போகவில்லை. நான்கு விளக்கும் எரிந்தன. ரோட்டில் கம்பு தட்டைகளைப் பரப்பியிருந்தார்கள், வண்டிச் சக்கரம் ஏறித் தானியம் உதிரட்டும் என்று. அதன் மேல் மெதுவாகத்தான் போனேன். "மாமா, ஆடு! மாமா!" என்று உன் அம்மா அலறினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்ச வட்டத்துக்குள் தட்டையும் தாரும் மட்டும்தான். அடுத்த நொடி அந்த வட்டம் முழுக்க வெள்ளை ரோமம். பிரேக்கை மிதித்தேன். மிதிப்பதற்குள் வண்டி ஏறிவிட்டது. உன் அம்மா உன்னை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு முன்னால் சரிந்தாள். அவள் முழங்கை கண்ணாடியில் இடித்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் முழங்கையில் இருக்கிற தழும்பு என்ன என்று நீ கேட்டால் அவள் வேறு ஏதாவது சொல்வாள். காரணம் இதுதான்.

வேறு யாருடைய மந்தையும் இல்லை அது, அத்தானுடையது. அக்கா புருஷன், உன் அம்மாவின் அப்பா. அவர் வேற்றூர்க்காரர், நம் சாமி உத்தரவு அவருக்கு இல்லை. கிடையை வேறு நிலத்துக்கு மாற்ற ஓட்டிக்கொண்டு வந்தவர் கம்பை ஊன்றி ரோட்டோரம் நின்றார். செத்ததும் உயிர் இழுத்துக்கொண்டிருந்ததும் அவர் காலடியில் கிடந்தன. முதலில் பேரனுக்கு அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று உன்னைத் தொட்டுப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மாப்ளே, நாலு சூரியனைக் கெட்டிக்கிட்டு வாரீரு. என் ஆடு தெரியலையா?"

"லைட்டு பத்தல அத்தான்."

அவர் திரும்பி, வெளிச்சம் விழுந்த காட்டைப் பார்த்தார். "பத்தலையா? அந்தால வேலிக்காத்தான்ல குருவி உக்காந்திருக்கது எனக்குத் தெரியுதேய்யா."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. கிடந்த ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். வேனை நான் அங்கேயே விட்டுவிட்டேன். உன் அம்மா ஒரு கையில் உன்னையும் இன்னொரு கையில் என் விரலையும் பிடித்து ஊருக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அவள் என் விரலைப் பிடித்ததை அன்றுதான் கவனித்தேன். அவள் எப்போதும் பிடிப்பாள். ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து, உடைந்த கண்ணாடியைக் கழற்றி, அகலமான பீம் தருகிற லென்ஸ் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் காபி கொண்டுவந்தாள்.

"எதுக்கு மாமா லைட்டையே போட்டு மாத்திக்கிட்டிருக்கிய? நம்ம வீட்டு ஆம்பளையளுக்குத்தான் இருட்டுனா தெரியாதுல்லா?"

ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. "எவன் சொன்னான்?"

"எவன் சொல்லணும்? சின்னதுல கண்ணாமூச்சி ஆடும்போது பொழுசாஞ்சிட்டா ஒங்களைச் சேத்துக்கவே மாட்டோம்லா. தொடுத தூரத்துல நிப்போம், தெரியாது ஒங்களுக்கு. நான்தான் பாவம்னு ஒங்க கையில வந்து மாட்டுவேன்."

"அது சாமி உத்தரவுன்னுல்லா சொல்லுதாவ?"

"ஆமா. தெரியாது, அதனால சாமி போக வேண்டாங்குது. ரெண்டும் ஒண்ணுதானே?"

அவளுக்கு அதில் எந்த ரகசியமும் இல்லை. அவள் பார்த்து வளர்ந்த ஆண்கள் எல்லாரும் அப்படி. மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி, இருட்டினால் ஆண்களுக்குத் தெரியாது. அதை ஒருவர் போய் இன்னொருவருக்குச் சொல்லவேண்டும் என்றே நம் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நான்கூட, கையில் மீட்டர் வைத்திருந்தவன், பேட்டரியில் ஆரம்பித்து, சுவிட்ச், ஒயர், ரிலே, பல்பு, கண்ணாடி, ரோடு வரைக்கும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அந்த வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்தவனை மட்டும் சோதிக்கவில்லை. அதற்குப் பிறகும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று நினைக்காதே. மாலைக்கண்ணுக்கு ஈரல் நல்லது என்று யாரோ சொல்ல, அக்கா சுட்டுச் சுட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். தின்றுகொண்டே இருந்தேன். நீ தவழ்ந்து, நடந்து, ஓட ஆரம்பித்துவிட்டாய். அப்புறம்தான் போனேன், சண்முகம் வலுக்கட்டாயமாக பஸ்ஸில் ஏற்றினான்.

மதுரையில் டாக்டர் என்னை ஒரு கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்க்கவேண்டும். அவர் குச்சியின் முனையில் வெள்ளைப் பொட்டு வைத்து ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டு வருவார், தெரிந்ததும் சொல்லவேண்டும். சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டே வந்தார். எல்லாப் பக்கமும் முடிந்ததும் கோடு போட்டுச் சேர்த்துக் காட்டினார். சின்ன வட்டம். ஜின்னிங் ஃபேக்டரிச் சுவரில் நான் பார்த்த வட்டம்தான். இத்தனை நாள் நான் வண்டியின் பீமை அளந்தேன், இவர் என்னுடையதை அளந்துவிட்டார்.

"அம்மாவோட அப்பாவுக்கு இந்த மாதிரி இருந்ததா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தவனால் மூட முடியவில்லை. "அவிய ராத்திரி வெளிய போக மாட்டாவ, டாக்டர். மாமாக்களும் போக மாட்டாவ. சாமி உத்தரவு."

"அந்த உத்தரவு பெண்களுக்கு உண்டா?"

"கிடையாது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க சாமிக்கு இந்த நோயைப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. இது பெண்கள் வழியாக வரும், அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வந்த பையன்களுக்குப் பிறக்கும்போதே உள்ளே இருக்கும் என்று விளக்கினார். மருந்து கிடையாது. ஹாலஜன் போட்டாலும் சூரியனையே கட்டினாலும் கிடையாது. இருட்டிய பிறகு நான் வண்டியே தொடக்கூடாது, சீக்கிரமே பகலிலும். மனைவி யார் என்று கேட்டார். அக்கா மகள் என்றேன். குழந்தை பையனா, பெண்ணா என்றார். பையன் என்றேன். மறுபடி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். நான் விடவில்லை. வேறு இடத்தில் கல்யாணம் செய்திருந்தால் என்று கேட்டேன். "பையனுக்கு வந்திருக்காது" என்றார். என்னிடமிருந்து என் மகனுக்கு இது நேராக வராதாம். உன் அம்மா வழியாகத்தான் வரமுடியும். அவளுக்கு அக்கா வழியாக. தாத்தாவும் சொந்தத்திலேயே கட்டியதால்தான் மாமாக்களுக்கும் வந்ததாம்.

இதை வைத்துக்கொண்டு உன் அம்மாவை ஒருநாளும் ஒரு பார்வைகூடப் பார்த்துவிடாதே. அவள் தெரிந்து ஒன்றும் செய்யவில்லை. சாமியை எதிர்க்கத் தெரிந்த எனக்கே, அந்தச் சாமி எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. தாத்தாவும் மாமாக்களும் கோழைகளும் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. தெரியவில்லை என்று சொன்னால் யாரும் பெண் தரமாட்டார்கள், ஆட்டை நம்பி விடமாட்டார்கள். சாமி சொன்னது என்றால் மரியாதையாவது மிஞ்சும். அவர்கள் வாழ அது உதவியது. ஆனால் அதே மரியாதைதான் வெளிப் பெண்ணை உள்ளே வரவிடவில்லை, வீட்டுப் பெண்ணையே வீட்டுக்குக் கட்டி வைத்தது, உன்னைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறது. எனக்குத் தாத்தா மேல் இருந்த வெறுப்பு போய்விட்டது. பதிலுக்கு எதை வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைக்கவில்லை.

"ஏலே தம்பி, இதை ஊர்ல எவங்கிட்டயும் சொல்லிராத. நாளப்பின்ன பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"சொல்லுவேன். சொல்லாமத்தான இப்படி ஆச்சி."

"அப்பம் என்னலே சொல்லுத? எங்கிட்டேருந்தா வந்துச்சி? எம்பேரனுக்கு நானா குடுத்தேன்?"

"ஆமா" என்றேன்.

ஒரே வார்த்தை. தப்பில்லாத வார்த்தை, டாக்டர் சொன்னதும் அதுதான். அக்கா சுளகைத் தரையில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் நம் வீட்டுக்கு வரவே இல்லை. உன்னைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் கடைத்தெருவில் உன் அம்மாவைச் சந்தித்து, உன்னைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்துவிட்டுப் போய்விடுகிறாளாம். நான் மீட்டர் மாதிரி பேசுகிறவன். உள்ளதைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். நீ அப்படி இருக்காதே. உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் சொல்லிவிட்டு அந்த இடத்தில் உட்கார். கேட்டவர் அழுது முடிக்கும் வரையாவது உட்கார்ந்திரு. நான் அன்றைக்குப் பொழுது சாய்கிறதே என்று கிளம்பிவிட்டேன்.

கல்யாணம் என்று வரும்போது, உன்னிடம் இது இருந்தால், வெளியில் பெண் எடு. பேச்சு ஆரம்பிக்கும்போதே அவளிடமே சொல், அவள் அப்பாவிடம் இல்லை. உன் பையன்களுக்கு வராது என்பதைச் சொல். பெண்பிள்ளை பிறந்தால் அவள் வழியாகப் போகலாம் என்பதையும் விடாமல் சொல். எழுந்து போகிறவள் போகட்டும். உட்கார்ந்திருக்கிறவள் எல்லாம் தெரிந்து உட்கார்ந்திருப்பாள். தொழிலைப் பொறுத்தவரை என் ஆசைக்கு ஸ்பானர் பிடிக்காதே. கண்ணை அதிகம் கேட்காத வேலை எது என்று இப்போதிருந்தே தேடுகிறேன். எனக்குமே அதுதான் தேவை, சேர்ந்து தேடலாம்.

நேற்று வேனை விற்றுவிட்டேன். கயத்தாற்றுக்காரர் ஒருவர் வாங்கினார். ஹாலஜனையும் பம்பர் விளக்கையும் முன்னாலேயே கழற்றிவிட்டு, சாதா பல்பைப் போட்டு, கண்ணாடியில் கறுப்புப் பொட்டும் வைத்துவிட்டேன். பொழுது விழுகிற நேரம் சண்முகத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனார். திரும்பி வந்து இறங்கியதும் முதல் வார்த்தை, "அண்ணாச்சி, எஞ்சின் முன்னப்பின்ன இருந்தாலும் லைட்டு அருமையா இருக்கு. ரோடு கண்ணாடி மாதிரித் தெரியுது." சண்முகம் என்னைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை, ஆனால் நல்ல நிலா. உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். நீ தரையில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாய். டாக்டர் உன்னைக் கூட்டிவரச் சொல்லி எவ்வளவோ நாளாகிறது. நான்தான் இன்றைக்கு வேலை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எதற்கும் பொறுக்காத நான் இதற்கு மட்டும் பொறுமையாக இருந்தேன். கோலி உருண்டு நின்ற சத்தம் கேட்டது. பிறகு வேறொரு சத்தம். சரசரவென்று, உள்ளங்கையைத் தரையில் வைத்து அரைவட்டமாகத் தேய்க்கிற சத்தம். முன்னால் ஒரு தரம், பக்கத்தில் ஒரு தரம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது நான் செருப்புத் தேடுகிற சத்தம்.

"ஏலே, காலுக்கு முன்னாடிதானலே கெடக்கு. எடு" என்றாள் உன் அம்மா அடுப்படியிலிருந்து.

"எங்கேம்மா?" என்றாய்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. உன் கை மட்டும் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய், வேனிலிருந்து கழற்றி மூலையில் போட்டிருந்த பம்பர் விளக்கு ஒன்றையும் பேட்டரியையும் எடுத்துவந்தேன். உத்தரத்தில் கம்பி வைத்துக் கட்டினேன். கண்ணில்லாமலே கட்டத் தெரியும் எனக்கு. தரையைப் பார்க்கத் திருப்பி ஒயரைத் தொட்டேன். இது ரிப்பேர் இல்லை என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காக எந்தத் தப்பைச் செய்தேனோ அதையே மறுபடி நம் வீட்டுக் கூரையில் செய்கிறேன் என்றும் தெரியும். வெளிச்சம் விழுந்ததும் நீ "ஐ!" என்று கத்தினாய். கோலியை எடுத்துக்கொண்டாய். உனக்கு இப்போதைக்கு இவ்வளவு வெளிச்சம் போதுகிறது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம். அக்காவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், கூட வரச்சொல்லி. வருவாளா தெரியாது.

நேற்று நான் அந்த விளக்கைக் கட்டி முடித்ததும் உன் அம்மா கதவோரம் வந்து நின்றாள். சேலைத் தலைப்பு முகத்தில் இருந்தது என்பதைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். "மாமா, பேட்டரி எம்புட்டு நேரம் தாங்கும்?" என்றாள். எத்தனை ஆம்பியர், எத்தனை வாட்ஸ், எவ்வளவு நேரம் என்கிற கணக்கை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அவள் கேட்டது அந்தக் கணக்கு இல்லை. நீ விளையாடிக்கொண்டிருந்தாய்.

அப்பா